பசியைத் தீர்த்தோம், பயத்தைத் தீர்த்தோமா?

 

 

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் பள்ளிவாசல் முகப்பில் நின்று தகப்பன்மார்கள் என்னிடம் வைக்கும் முறையீடு ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. சொன்னது எதுவும் மண்டையில் நிற்பதில்லை. கொஞ்சம் ஓதி ஊதிவிடுங்கள்" என்பார்கள். நானும் ஓதி ஊதிவிடுகிறேன். துஆவின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரவில் நிம்மதியாக உறங்குகிறானா, வீட்டுக்குள் நுழையும்போது அவன் நெஞ்சு படபடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் நெற்றியில் மட்டும் ஊதி அனுப்பியதில் என் பொறுப்பு முடிந்துவிடுமா? இந்தக் கேள்வி என்னைச் சில ஆண்டுகளாகவே வாட்டி வருகிறது. அதற்கான காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். அது என் தவறு.

குறைஷ் சூராவில் நின்றுபோன சிறுவன்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றினேன். மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்தது. ஊரின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ இங்கே கூறப் போவதில்லை. பிறர் மானத்தைக் காப்பது நம் கடமை.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். அந்நாஸ் சூராவில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக மனனம் செய்துகொண்டு வந்தவன், குறைஷ் சூராவில் வந்து நின்றுவிட்டான். நான்கே நான்கு வசனங்கள்தாம். முதல் நாள் சொல்லிக் கொடுத்தால் அடுத்த நாள் இல்லை. மறுபடியும் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் வசனத்தில் தடுமாறுவான். பாடத்தின் நடுவே உறங்கி விழுவான். யாரேனும் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினால் உடல் முழுவதும் தூக்கிப் போடும். இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். ஆனால் பார்த்ததைப் புரிந்துகொள்ளவில்லை. சோம்பல் என்றும் கவனமின்மை என்றும் முடிவு கட்டினேன்.

ஒரு நாள் பொறுமை இழந்து பிரம்பை எடுத்தேன். வலக்கையில் இரண்டு அடி. அவன் அழவில்லை. நான் சொல்லாமலேயே இடக்கையையும் நீட்டினான். அதைத் திமிர் என்று கருதி அந்தக் கையிலும் அடித்தேன்.

இரண்டு நாட்கள் கழித்து அவனுடைய பாட்டி தண்ணீர் ஓதி வாங்க வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். அவன் அத்தா இரவில் குடித்துவிட்டு வருகிறார். வந்ததும் மனைவியை அடிக்கிறார். சிறுவன் தன் தங்கையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, கதவருகே விடிய விடிய விழித்திருக்கிறான். "அவன் தூங்கினால் அம்மாவைக் கொன்றுவிடுவார்கள் என்று பயப்படுகிறான், ஹஜ்ரத்" என்றார் அந்த மூதாட்டி.

இரவெல்லாம் தாய்க்குக் காவல் நின்ற பிள்ளையை மாலையில் நான் சோம்பேறி என்று அடித்திருக்கிறேன். கேட்காமலேயே மறு கையை நீட்டியது திமிரால் அல்ல. அடி ஒரு கையோடு நிற்காது என்று அவன் வீட்டில் கற்றிருந்தான்.

அடுத்த சில மாதங்களில் அவன் மதரஸாவுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பின்னர் பள்ளிக்கூடமும் நின்றுபோனது. கடந்த ஆண்டு ஒரு வாகனப் பட்டறையில் அவனைக் கண்டேன். வளர்ந்த வாலிபன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து ஸலாம் கூறினான். அன்று அடித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சற்று நேரம் யோசித்தான். "எனக்கு நினைவில்லை ஹஜ்ரத், அப்போது எல்லோரும்தானே அடித்தார்கள்" என்றான்.

அன்பர்களே! அவன் என்னைக் குற்றம் சாட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவனை அடித்த பல கைகளுள் என்னுடையதும் ஒன்று. அடிக்காத ஒரு கையாக நான் இருந்திருக்கலாம். இருக்கத் தவறிவிட்டேன்.

உணவும் பாதுகாப்பும்

அவனால் மனனம் செய்ய இயலாமற்போன அதே குறைஷ் சூராவின் இறுதி வசனத்தை எண்ணிப் பாருங்கள். குறைஷியருக்குத் தான் செய்த பேருதவிகளென அல்லாஹ் அங்கே இரண்டை எடுத்துக் கூறுகிறான். ஒன்று, பசித்தபோது உணவளித்தது. மற்றொன்று, அச்சத்திலிருந்து பாதுகாப்பளித்தது. இரண்டும் ஒரே வசனத்தில் இணைந்தே வருகின்றன (106:4). நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்காவுக்காகக் கையேந்தியபோதும் அந்நகரை அச்சமற்றதாக ஆக்குமாறு முதலில் வேண்டினார்கள். அதன் பிறகே அம்மக்களுக்குக் கனிகளை உணவாக அளிக்குமாறு வேண்டினார்கள் (2:126).

நாம் நம் பிள்ளைகளுக்கு உணவளிக்கிறோம். கடல் கடந்து சென்று உழைத்து உடையும் புத்தகமும் வாங்கித் தருகிறோம். ஆனால் அவ்வசனத்தின் மறுபாதியான அச்சமின்மையை அளித்திருக்கிறோமா? இதுவே இன்றைய உரையில் நம் ஒவ்வொருவரின் முன்னும் நான் வைக்கும் கேள்வி.

அஞ்சும் உள்ளத்தில் பாடம் ஏன் ஏறுவதில்லை?

அல்லாஹ் மனித உடலில் ஓர் அற்புதமான காவல் ஏற்பாட்டை அமைத்திருக்கிறான். பாம்பைக் கண்டதும் சிந்திப்பதற்கு முன்பாகவே கால்கள் பின்வாங்குகின்றன அல்லவா? மூளையின் உள்ளே வாதுமைக் கொட்டை அளவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி அபாயத்தை அறிவிக்கிறது. சிறுநீரகங்களின் மேலே தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் தள்ளி வைக்கப்படுகின்றன. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது இறைவனின் அருள்.

ஆனால் அந்தப் பாம்பு ஒவ்வோர் இரவும் வீட்டுக்குள் வந்தால்? அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு முறை உதவ வேண்டிய மருந்தை ஓயாமல் உட்கொண்டால் அது நஞ்சாகிறது அல்லவா? இடைவிடாத அச்சமும் வளரும் பிள்ளையின் உடலில் அவ்வாறே வேலை செய்கிறது. நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியும், கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளுகின்ற முன் மூளைப் பகுதியும் இதனால் பாதிக்கப்படுகின்றன என்று மருத்துவ அறிஞர்கள் விளக்குகின்றனர். பாடம் படிக்கத் தேவையானவை இவ்விரண்டுமே. கரும்பலகையைப் பார்க்க வேண்டிய கண்கள் ஆசிரியரின் கையைப் பார்க்கின்றன. சாதாரணமாகப் பேசுபவரின் முகத்தில்கூட அக்குழந்தைக்குக் கோபமே தெரிகிறது.

இதன் அடையாளங்கள் பல. சில பிள்ளைகளுக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலியும் தலைவலியும் வரும். சில பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கத்திற்குத் திரும்புவர். சிலர் வாயடைத்துப் போவர். வேறு சிலரோ பக்கத்துப் பிள்ளையை அடிப்பர். வாயடைத்தவனை மந்தம் என்கிறோம். அடிப்பவனை முரடன் என்கிறோம். இருவருக்கும் ஒரே மருந்தாகப் பிரம்பை எடுக்கிறோம்.

இங்கே ஒரு தெளிவு தேவை. எல்லா அழுத்தமும் தீயதன்று. முதல் நோன்பின் பசி, மேடையில் கிராஅத் ஓதும்போது ஏற்படும் நடுக்கம், தேர்வுக்கு முந்தைய இரவின் பரபரப்பு ஆகியவை பிள்ளையை வளர்க்கும். அவற்றின் முடிவில் தாயின் மடி காத்திருக்கிறது. எந்த மடியில் ஆறுதல் தேட வேண்டுமோ அந்த மடியே அடிபடுகிறது என்றால், அந்த அச்சம்தான் பிள்ளையைச் சிதைக்கிறது.

கண்ணால் காணாத வன்முறையும் தாக்கும்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழும் கறுப்பினக் குழந்தைகளைக் குறித்து பேட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியல் அறிஞர் 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். குழந்தை குடியிருக்கும் பகுதியில் ஒரு கொலை நடந்த ஒரு வாரத்திற்குள் சோதிக்கப்பட்ட பிள்ளைகள், வாசிப்பிலும் சொல்லறிவிலும் ஏனைய நேரத்தில் சோதிக்கப்பட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கியிருந்தனர். கொலையுண்டவர் அக்குழந்தையின் உறவினராக இருக்க வேண்டியதில்லை. அதை அக்குழந்தை நேரில் கண்டிருக்க வேண்டியதுமில்லை. தெருவில் பரவிய அச்சமே போதுமானதாக இருந்தது.

அடுத்த தெருவில் நடந்த வன்முறையே பிள்ளையின் வாசிப்பைக் குலைக்கும் என்றால், அடுத்த அறையில் நடக்கும் வன்முறை என்ன செய்யும்? "அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியாது" என்று சொல்லும் தந்தையர் இதனைச் சிந்திக்க வேண்டும். பிள்ளைகள் சுவர் வழியாகக் கேட்கிறார்கள். காலையில் தாயின் முகத்தைப் படிக்கிறார்கள்.

இந்தப் பாதிப்பு பள்ளிப் பருவத்தோடு முடிவதுமில்லை. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்தம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டறிந்தனர். அடிபட்டது, தாய் அடிபடக் கண்டது, வீட்டில் குடிகாரர் இருந்தது போன்றவை அவற்றுள் அடங்கும். 1998இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. அத்தகைய துன்பங்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சந்தித்தவர்களிடம் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டன. இதய நோய் போன்ற உடல் நோய்களும் அவர்களிடம் மிகுந்திருந்தன. குடிகாரத் தந்தையின் மகன் ஏன் குடிக்கிறான் என்று வியக்கிறோம். அவன் உள்ளத்தில் சிறு வயதில் விழுந்த காயத்தை யாரும் பார்ப்பதில்லை.

இது அமெரிக்காவின் கதை என்று எவரும் ஆறுதல் அடைய வேண்டாம். நம் நாட்டில் மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். பள்ளி செல்லும் குழந்தைகளில் நூற்றுக்கு 65 பேர் பள்ளியில் அடி வாங்கியதாகக் கூறினர். 2019-21இல் நடைபெற்ற தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்துள்ளனர். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் கதவருகே விழித்திருக்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

கைநீட்டினால்தான் வன்முறை என்றில்லை. வாரக் கடன் வசூலிக்க வருபவர் வாசலில் நின்று சத்தமிடும்போது, உள்ளறையில் ஒளிந்துகொண்ட தாய் பிள்ளையை அனுப்பி "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லச் செய்கிறார். ஒவ்வொரு வாரமும் அந்த நாள் நெருங்கும்போது அக்குழந்தையின் நெஞ்சில் என்ன நடக்கும்? வெளிநாட்டிலிருக்கும் தந்தை தொலைபேசியில் தலாக் சொல்லிவிடுவதாக மிரட்டுகிறார். ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது. அந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

மார்க்கத்தின் பெயரால் பிரம்பு

"ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் அடியுங்கள் என்று ஹதீஸே இருக்கிறதே?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம். அபூதாவூதில் பதிவாகியுள்ள அந்த அறிவிப்பை நாமும் ஓதியிருக்கிறோம்; ஓதிக்கொடுத்தும் இருக்கிறோம். ஆனால் அது தொழுகையைப் பற்றிய அறிவிப்பு. கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கும், சூரா மறந்துபோனதற்கும், தந்தைக்கு அலுவலகத்தில் வந்த கோபத்திற்கும் அதனை ஆதாரமாக்க இயலாது. மேலும் ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் உள்ளன. நாளொன்றுக்கு ஐந்து வேளை எனக் கணக்கிட்டால், ஐயாயிரம் முறைக்கும் மேல் அன்பாக அழைத்த பிறகே மற்றதைப் பற்றிய பேச்சு. அதற்கும் ஃபுகஹாக்கள் எல்லை வகுத்தார்கள். முகத்தில் படலாகாது, காயம் ஏற்படுத்தலாகாது. கையால் மட்டுமே, கம்பால் அன்று. அதுவும் மூன்றுக்கு மிகாமல் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கட்டுப்படுத்துகின்றன. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று பெற்றோர் நம்மிடம் சொல்லிச் செல்லும் வழக்கத்திற்கு ஷரீஅத்தில் எங்கே இடமிருக்கிறது?

பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) தமது முகத்திமாவில் இதற்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். மாணவர்களிடம், குறிப்பாகச் சிறுவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு விளைவிக்கும் என்பது அவரது கருத்து. கடுமையில் வளர்பவனின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் போகிறது, அடிக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பழகுகிறான், பின்னர் அதுவே அவனது இயல்பாகிவிடுகிறது என்று அவர் விளக்குகிறார். மூளையைப் படம் பிடிக்கும் கருவி இல்லாத காலத்தில் நம் முன்னோர் கண்டறிந்த உண்மையை நாமே மறந்துவிட்டோம்.

அண்ணலாரின் வழிமுறையைப் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவனாக வந்து பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூட நபியவர்கள் தம்மைச் சலிப்புடன் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை என்றும், இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்றும் அவர்களே அறிவிக்கிறார்கள் (புகாரீ, முஸ்லிம்). போர்க்களம் தவிர வேறெங்கும் நபியவர்கள் தம் கரத்தால் எவரையும் அடித்ததில்லை. பெண்ணையும் இல்லை, பணியாளரையும் இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள் (முஸ்லிம்). அடிக்காமல் வளர்க்கப்பட்ட அந்த அனஸ் (ரலி) அவர்கள் உருப்படாமல் போய்விட்டார்களா? மிக அதிகமான நபிமொழிகளை நினைவில் காத்து உலகிற்களித்த தோழர்களுள் ஒருவராக அல்லவா உயர்ந்தார்கள்!

அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமைச் சிறுவரைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபத்தில் அது யாருடைய குரல் என்றுகூட அவர்களுக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அல்லாஹ்வின் தூதர் (ஸல்) நிற்கிறார்கள். இச்சிறுவர் மீது உமக்கிருக்கும் ஆற்றலைவிட உம்மீது அல்லாஹ்வுக்கு அதிக ஆற்றல் இருக்கிறது என்று எச்சரிக்கிறார்கள். அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் அச்சிறுவரை அந்த இடத்திலேயே விடுதலை செய்துவிட்டார்கள் (முஸ்லிம்). ஆலிம் பட்டம் பெறும் முன்பே இந்த ஹதீஸை ஓதியவன் நான். அன்று பிரம்பை ஓங்கியபோது அந்தக் குரல் என் காதில் விழவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தத்தின் மூலம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. நம் கல்வி முறையின் தனித்தன்மையைக் காக்கவே அந்த விலக்கு. பிள்ளைகளை அடிப்பதற்கான அனுமதிச் சீட்டாக அதை நாம் ஆக்கிவிடலாகாது. அரசுப் பள்ளி ஆசிரியர் சட்டத்திற்கு அஞ்சிப் பிரம்பைக் கீழே வைத்திருக்க, அல்லாஹ்வின் வேதத்தைக் கற்றுக்கொடுக்கும் நாம் அதை ஏந்தி நிற்பது நமக்குப் பெருமையா? மறுமையின் நீதிமன்றத்தில் விலக்கு என்று எதுவும் இல்லை.

ஒருவர் போதும்

இவ்வளவு நேரம் நோயைப் பற்றியே பேசினோம். இனி மருந்தைப் பேசுவோம். அல்லாஹ்வின் அருளால் மருந்து அரிதான ஒன்றல்ல.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற பெண் அறிஞர் தம் குழுவினருடன் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் போன்ற பல துன்பங்களுக்கிடையே வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அன்பும் நிறைந்த மனிதர்களாக வளர்ந்தனர். அவர்களுக்கு வாய்த்த பாதுகாப்புகளுள் முக்கியமானது, நிலையான அன்பு செலுத்திய குறைந்தது ஒரு பெரியவர். அவர் பாட்டியாக இருக்கலாம்; அண்டை வீட்டாராக இருக்கலாம்; ஆசிரியராகவும் இருக்கலாம்.

இதனைப் படித்தபோது எனக்கு அபூ உமைரின் நினைவு வந்தது. அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பியான அச்சிறுவர் ஒரு சிறு பறவையை வளர்த்தார். அது இறந்துபோனது. துயரத்தோடிருந்த அவரிடம் நபியவர்கள் அன்போடு அந்தப் பறவையைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு தேசத்தின் தலைவர், வஹீ இறங்கும் தூதர், ஒரு குழந்தையின் செத்துப்போன பறவைக்காக நேரம் ஒதுக்கினார்கள். பாடம் கேட்கவில்லை, முதலில் துயரம் கேட்டார்கள்.

எனவே பெற்றோரே! உங்களுக்கிடையே கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. பிள்ளைகளின் முன்னே அது கூச்சலாகவும் கைகலப்பாகவும் மாறவேண்டாம். தவறிப்போய் ஒரு சண்டை நடந்துவிட்டால், மறுநாள் காலை பிள்ளையை அருகில் அழைத்து, இதற்கு நீ காரணமில்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள். எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்று நம்பும் பிள்ளைகள் ஏராளம். கைநீட்டிவிட்டீர்களா? பிள்ளையிடம் வருத்தம் தெரிவியுங்கள். அதனால் தந்தையின் மதிப்பு குறைந்துவிடாது. இரவில் உறங்கும் நேரத்தை அமைதியாக்குங்கள். உறங்கிய பிள்ளைதான் மறுநாள் பாடத்தில் விழித்திருக்கும்.

ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்களே, பள்ளி ஆசிரியர்களே! நன்றாக ஓதிய பிள்ளை திடீரெனப் பின்தங்கினால், ஏன் மனனம் செய்யவில்லை என்பதற்கு முன்னால், நேற்று இரவு எப்படி உறங்கினாய் என்று தனியே அழைத்துக் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் வன்முறை இருக்கும் என்று கருதவும் வேண்டாம். பார்வைக் குறைவு, காது மந்தம், எழுத்துகளைப் பிரித்தறிவதில் இயற்கையான சிரமம் என வேறு காரணங்களும் இருக்கலாம். எதுவாயினும் கேட்டால்தான் தெரியும். பிள்ளை நம்பிச் சொன்ன செய்தியை வகுப்பில் அம்பலப்படுத்திவிடாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! குடும்ப வழக்குகள் நம்மிடம் வரும்போது, பொறுத்துப் போம்மா என்று எத்தனை பெண்களை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! பொறுமை என்பது அடி வாங்கிக்கொண்டே இருப்பதன்று. இனி ஒவ்வொரு வழக்கிலும் முதல் கேள்வியாக, அந்த வீட்டுப் பிள்ளைகள் இரவில் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்போம். அடிக்கும் கணவனை அழைத்துக் கண்டிப்பதும், குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்கு அனுப்புவதும் ஜமாஅத்தின் பணியே. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் சமரசம் பேசிக் காலம் கடத்தலாகாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பளிக்கிறது. இவற்றை நாடுவது குடும்ப மானத்தைக் கெடுப்பதாகாது. உண்மையில் மானத்தைக் கெடுத்தது அடித்த கைதான்.

அண்டை வீட்டாரே! மதில் சுவருக்கு அப்பாலிருந்து அலறல் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டில் வந்து அமர்ந்து படிக்க ஒரு மூலையும், குடிக்க ஒரு குவளைத் தேநீரும் கொடுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.

இறுதியாக

நபியவர்கள் கடுகடுப்பும் வன்நெஞ்சமும் உடையவராக இருந்திருப்பின் மக்கள் அவர்களைச் சுற்றியிருக்காமல் சிதறிப் போயிருப்பர் என்று அல்லாஹ் கூறுகிறான் (3:159). நபித்தோழர்களே சிதறிவிடுவர் என்றால், ஒன்பது வயதுக் குழந்தை எம்மாத்திரம்? நம் மதரஸாக்களிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் விலகிச் சென்ற பிள்ளைகளில் எத்தனை பேரை நாமே விரட்டியிருக்கிறோம் என்பதை அவரவர் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்வோம்.

நான் பிரம்பை வைத்துவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் ஓதாமல் போய்விடவில்லை. சற்றுக் கூடுதல் பொறுமை தேவைப்படுகிறது, அவ்வளவுதான். இப்போதும் குறைஷ் சூராவை யாரேனும் ஒரு பிள்ளை ஓதி முடிக்கும்போது, நான்காம் வசனத்தில் என் கண்கள் தாமாகத் தாழ்ந்துவிடுகின்றன. அதை முழுமையாக ஓதாமலேயே சென்றுவிட்ட ஒருவன் எங்கோ ஒரு பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கிறான்.

இந்த வாரம் ஜுமுஆ முடிந்து வீடு திரும்பும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் வாசற்படியில் கால் வைக்கும்போது உங்கள் பிள்ளை உங்களை நோக்கி ஓடி வருகிறதா, உள்ளே ஓடி ஒளிகிறதா? அதன் படிப்பைப் பற்றிய விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் பசியைப் போக்கியது போல் அவர்களின் பயத்தையும் போக்குவாயாக! எங்கள் கைகளால் அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளை மன்னிப்பாயாக! அடிக்கின்ற கைகளை அணைக்கின்ற கைகளாக மாற்றுவாயாக! எங்கள் இல்லங்களை அச்சமற்ற இல்லங்களாகவும், எங்கள் மதரஸாக்களை அன்பின் நிலையங்களாகவும் ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.